கடல் கடந்த யாழ்

மிஷன் பாடசாலையில் வேதபாட வகுப்பிலே, தாவீது சுரமண்டலம் வாசித்துச் சவுல் ராஜாவின் கலக்கத்தைத் தணித்த கதையை நாம் படித்தோம். புத்தகப் படத்தில் அவர் கையிலிருந்தது வில்போல் வளைந்த நரம்புக் கருவி. வீட்டில் பெரிய புராணத்தைப் புரட்டினால், திருநீலகண்ட யாழ்ப்பாணர் தோளிலும் ஏறக்குறைய அதுவே! சுமேரியரின் ஊர் நகரக் கல்லறைகளிலும், அமராவதிச் சிற்பங்களிலும், சமுத்திரகுப்தன் பொற்காசிலும் இந்த இனத்துக் கருவியைக் காணலாம்.

குமிழங்கொம்பில் மரல் நாரைக் கட்டி இடையன் மீட்டிய வில்யாழைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகிறது. செங்கோட்டி யாழுக்கு நரம்பு 7, பேரியாழுக்கு 21. அத்தகைய கருவி தமிழ்நாட்டில் ஏன் மறைந்தது? விடைக்குத் தருமபுரத்து நிகழ்ச்சி உதவும். பதிகங்களின் பெருமை யாழ்ப்பாணரின் வாசிப்பாலே வந்தது என்று அவருடைய சுற்றத்தார் பேசினர். நாணமுற்ற பாணர், யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடும்படி சம்பந்தரை வேண்டினார். அவ்வாறே பாடப்பட்டது, விரல் பின்தொடர முடியவில்லை. பாணர் யாழை முறிக்க ஓங்க, சம்பந்தர் தடுத்தார். யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரமே உரியது. குரலின் குழைவையும் அசைவையும் தர, மெட்டுடைய வீணையே ஏற்றது. பக்திக் கதையாகவே இதைக் கேட்டுவந்தோம். சங்கீத சரித்திரமாகவும் கேட்கலாமன்றோ?

ஆயினும் யாழ் முற்றும் அழியவில்லை. இந்தியாவிலிருந்து பர்மா சென்ற வில்யாழ் அங்கே ‘சவுங்’ ஆயிற்று. 802-ஆம் ஆண்டில் பியூ நாட்டு இசைவாணர் அதனைச் சீன அரசவைக்கும் கொண்டுபோயினர். தமிழரே பர்மாவுக்குக் கொடுத்தனர் என்று மார்தட்டச் சான்று போதாது. வங்கம், கலிங்கம், ஆந்திரம் ஆகிய வழிகளையும் அறிஞர் கூறுவர். 1767-இல் அயுத்தியா வீழ்ந்தபின் சயாம் நாட்டுக் கலைஞர் பர்மிய அரசவைக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுடைய பாணியைத் தழுவி மியவதி மிஞ்சி ஊ சா புதிய பாட்டுக்களை இயற்றினார். சவுங்கின் நரம்புகளையும் 13 ஆக்கினார். படகு போன்ற உடல், மான்தோல் போர்வை, சிவப்புக் குஞ்சங்கள்: பார்த்தால் முழுப் பர்மியக் கருவியே. சிறைப்பட்டு வந்தவர் இசை அதற்குள் ஒலிக்கிறது என்று யார் சொல்லுவார்?

நம் நாட்டிலே யாழைத் தேடியவர் காரைதீவில் 1892-இல் பிறந்த விபுலானந்த அடிகள். அர்ச். மிக்கேல் கல்லூரியில் பயின்று விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். ஆகவே நரம்பின் நீளத்தையும் சுருதியையும் கணக்கிட்டே ஆராய்ந்தார். ‘யாழ் நூல்’ 1947 யூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19-ஆம் திகதி அடிகள் மறைந்தார்.

இராவணன் வீணை ஒலித்த மலை நமது இறம்பொடை என்று பெரியோர் சொல்வதுண்டு. அதைச் சரித்திரமாக எழுத நாம் துணியவில்லை. நம் பாட்டன்மார் மன்னார்க் கரையிறங்கி மாத்தளை வழியே நடந்தபோது அவர்களோடு வந்தது யாழன்று, தப்பு. அது காமன் கூத்திலும் சாவு வீட்டிலும் முழங்கியது. விடியலில் பிரட்டுக்கு ஆட்களையும் எழுப்பியது. கூலி அழைப்பதும் அதன் வேலையாயிற்று. சென்ற திருவிழாவில் தப்பு வேண்டாம், வெட்கம் என்று நம்மில் சிலர் சொன்னோம். அன்று தப்படிக்க வந்த முதியவர் தோலைக் காய்ச்ச மூட்டிய நெருப்பை அணைத்துவிட்டுப் பேசாமல் லயத்துக்குத் திரும்பினார். அவருடைய அடிகளை இதுவரை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. இம்மலருக்குப் பின் முதல் வேலையாக அவரிடம் போக எண்ணியிருக்கிறோம்.