தக்காளியைத் தேடி வந்த புழுக்கள்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். இன்று கோட்டைக்குப்பம் போன்ற மீனவர் ஊர்கள் இருக்கும் இந்தக் கரையிலிருந்து அப்போது துணி மூட்டைகள் கீழ்த்திசைத் தீவுகளுக்குக் கப்பலேறின. மிளகாயும் தக்காளியும் இந்தியாவுக்கு வந்தது ஐரோப்பியக் கப்பல்கள் வழியாகத்தான். தென் அமெரிக்காவில் தக்காளியைத் தின்று வளர்ந்த புழுக்களோ கூடவே வரவில்லை.

உள்ளூர்ப் புழு சும்மா இருக்கவில்லை. துவரையிலும் கொண்டைக்கடலையிலும் பருத்தியிலும் பிழைத்த பச்சைக் காய்ப்புழு புதுச் செடிக்குத் தாவியது. அதன் தாய் அந்து பூவை ஒட்டிய இலைகளில் முட்டைகளை ஒவ்வொன்றாக இடும். புழு தலையைக் காய்க்குள் நுழைத்து, பின்னுடம்பு வெளியே கிடக்கத் தின்னும். ஒரு காயை முடிக்குமுன் அடுத்ததைத் துளைக்கும். நாலு செடி வைத்திருக்கும் வீட்டில் அதைக் கையால் பொறுக்கி எடுப்பதற்கு ஈடான வைத்தியம் இன்றுவரை இல்லை.

வயல்களில் கதை வேறு. 1987இல், பழவேற்காட்டுக்கு வடக்கே குண்டூர், பிரகாசம் மாவட்டப் பருத்திக் காடுகளில் இதே புழு பைரித்ராய்டு மருந்துகளுக்கு அசையாமல் நின்றது. மேலும் மேலும் மருந்தடித்துக் கடனில் மூழ்கிய விவசாயிகள் பலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். பூச்சிமருந்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த ஆண்டைத் தாண்டிப் போகவே கூடாது.

மாற்று வெகுகாலமாக வாசலிலேயே நின்றது. 1962இல் டெல்லியில் வெட்டுக்கிளிகள் இறங்கியபோது, வேப்பங்கொட்டைப் பருப்புக் கரைசல் தெளித்த பயிரை அவை தின்னாமல் விட்டதை இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். பிரதான் குழுவினர் பதிவு செய்தார்கள். பின்னாளில் வேம்புக்கு உரிமை கேட்டவர்களும் உண்டு: பூஞ்சாணத்துக்கு எதிரான வேப்பெண்ணெய்த் தயாரிப்பு ஒன்றுக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994இல் அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கும் அந்நாட்டு வேளாண் துறைக்கும் உரிமை கொடுத்தது. எதிர்ப்புக்குப் பின் 2000இல் அதை ரத்து செய்தது. 2005இல் மேல்முறையீடும் தோற்றது. வீட்டுக்கு வேண்டிய வேப்பங்கரைசல் எளிது: 50 கிராம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி, மாலையில் தெளிக்க வேண்டும். இலையில் ஒட்டக் கொஞ்சம் சோப்பும் தேவை.

அந்தச் சோப்பில் கடலுக்கும் பங்குண்டு. சென்னை மாகாண மீன்வளத் துறையைத் தொடங்கிவைத்த பிரெடரிக் நிக்கல்சன் காலத்தில், மேற்குக் கரையின் தானூரில் மீன் எண்ணெயில் சோப்பு காய்ச்சிக் காப்பித் தோட்டப் பூச்சிகளுக்குக் கொடுத்தார்கள். சாறுறிஞ்சிகளை அது தனியாகவே கொல்லும். புழுவுக்கு வேம்பின் துணை வேண்டும்.

பெங்களூரின் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் கண்ட வழி இன்னும் அழகானது. 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி நட்டால், அந்து முட்டையிட அந்தப் பூவை நாடிப் போகும்.

தக்காளியின் சொந்த ஊர்ப் பகையும் கடைசியில் வந்து சேர்ந்தது. 2006இல் ஸ்பெயினில் தலைகாட்டிய ஊசிப்புழு 2014இல் மகாராஷ்டிரத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அது இலைத் தோல்களுக்கு நடுவே சுரங்கம் போட்டுத் தின்பதால் மேலே தெளிக்கும் மருந்து எளிதில் எட்டாது. இனக்கவர்ச்சிப் பொறி வைத்து ஆண் அந்துகளைப் பிடிக்கிறார்கள். வெளிறிய திட்டு விழுந்த இலைகளைக் கிள்ளி எரிக்கிறார்கள்.