இடம் கிடைத்தும் சேராதவர்கள்

1962 ஜனவரியில் ஒரு அமெரிக்கக் கணித இதழில் டேவிட் கேல், லாய்ட் ஷாப்லி இருவரும் எழுதிய ஏழு பக்கக் கட்டுரை வந்தது. கல்லூரிச் சேர்க்கையையும் கல்யாணத்துக்கு ஜோடி சேர்ப்பதையும் ஒரே கணக்காகப் பார்த்த கட்டுரை. கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவர்கள் அதன் விடையை மனப்பாடம் செய்திருப்போம். எனக்கு அதன் கேள்விதான் பிடிக்கும். ஒரு கல்லூரியில் நூறு இடம் என்று வைத்துக்கொள்வோம். நூறு பேரைக் கூப்பிட்டால் நூறு பேரும் வரப்போவதில்லை. அப்படியென்றால் எத்தனை பேரைக் கூப்பிடுவது? மாணவர்கள் ‘வேண்டாம்’ சொல்வார்கள் என்பதிலிருந்துதான் அந்தக் கணிதமே தொடங்குகிறது.

விடை எளிமையானது. யாருக்கும் உடனே உறுதி சொல்லாதே. மாணவர்கள் தங்கள் முதல் விருப்பத்தைக் கேட்கட்டும். கல்லூரி தனக்கு வேண்டியவர்களைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கட்டும். மிச்சமிருப்பவர்கள் அடுத்த விருப்பத்துக்குப் போகட்டும். இனி யாரும் நகர வேண்டியதில்லை என்றானபின் பட்டியலை மூடு. 2012இல் ஷாப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் பொருளாதார நோபல் கிடைத்தது. கேல் அதற்கு நான்கு வருடம் முன்பே இறந்துவிட்டார். அழகான கணக்கு, மறுப்பதற்கில்லை. ஆனால் அது ஒன்றை அப்படியே எடுத்துக்கொள்கிறது: விருப்பப் பட்டியலை எழுதுவது மாணவர்தான் என்று.

நம் ஊரில் பொறியியல் ஒற்றைச் சாளரக் கவுன்சலிங் 1997இல் தொடங்கியது. 2017 வரை எல்லோரும் கிண்டிக்கு, அண்ணா பல்கலைக்கழகத்துக்கு, நேரில்தான் வர வேண்டும். ராத்திரி பஸ்ஸில் வந்து, கையில் ஃபைலும் கூடவே அப்பாவோ மாமாவோ. எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று திரையில் ஓடிக்கொண்டிருக்கும். ரேங்க் வரிசைப்படி கூப்பிடுவார்கள், உள்ளே போனதும் சில நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டும். முன்னால் நிற்பவர் முதலில் எடுப்பார், அவ்வளவுதான் வழிமுறை. அதில் ஒரு ஓட்டை இருந்தது. முன்வரிசைக்காரர் கிண்டியில் ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு, பின்னால் மருத்துவம் கிடைத்ததும் போய்விடுவார். அந்த இடம் காலியாகவே கிடக்கும். அடுத்த ரேங்க்காரர் ஏற்கெனவே வேறெங்கோ சேர்ந்திருப்பார்.

இது ஒருவகை மறுப்பு. இதைக் கணக்கால் சரிசெய்யலாம். இன்னொரு வகை உண்டு.

என் சித்தப்பா மகளுக்கு அந்த ஹாலில் கேட்ட கல்லூரியே கிடைத்தது, கேட்ட பிரிவே. ஒரு வாரத்தில் முடிவு மாறி, ஊர்ப்பக்கம் காலேஜ் பஸ் வாசலுக்கே வரும் ஒரு கல்லூரியில், மேனேஜ்மென்ட் கோட்டாவில், ஹாஸ்டலுக்கு ஆகியிருக்கும் செலவைவிட அதிகம் கட்டிச் சேர்த்தார்கள். பணம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. “பொம்பளப் புள்ள, அவ்ளோ தூரம் எதுக்குப்பா” என்றார் சித்தப்பா. அவளிடம் யார் கேட்டாலும், “எனக்கே சென்னை புடிக்கலண்ணா” என்றுதான் சொன்னாள். பல வருடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். சேர்க்கைப் பதிவேட்டில் அவள் விருப்பப்பட்டு விலகிய மாணவி.

அரசாங்கத்தின் சேர்க்கைச் சட்டங்களை வருட வரிசையில் படித்தால், ‘இவர்கள் ஏன் வரவில்லை?’ என்ற கேள்விக்கு அது செய்த ஊகங்களின் வரலாறு போலவே தெரிகிறது. 1984இல் வந்த நுழைவுத்தேர்வை 2007இல் எடுத்தார்கள், கோச்சிங் இல்லாத கிராமத்துப் பிள்ளைகளைத் தேர்வுதான் தடுக்கிறது என்று. 2010இல் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை வந்தது. அதாவது, தடுப்பது ஃபீஸ். 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோதுதான் ஹாஸ்டல் கட்டணத்தையும் அரசே ஏற்றது. ஃபீஸ் சலுகைக்கும் ஹாஸ்டலுக்கும் நடுவே பதினோரு வருடம்! ஃபீஸைத் தள்ளுபடி செய்தும் வராதவர்களை எங்கோ நேரில் பார்த்த ஓர் அதிகாரிதான் அந்தச் சொல்லைச் சேர்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். சித்தப்பா மாதிரி ஆட்களுக்கு எந்த ஆணையிலும் பத்தி கிடையாது.

2018இல் கவுன்சலிங் ஆன்லைனுக்குப் போனது. இப்போது தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் மாணவர் முன்னால் ஐந்து வழிகள்: ஏற்கிறேன், ஏற்கிறேன், ஆனால் மேலே உள்ள விருப்பத்துக்கும் காத்திருக்கிறேன், வேண்டாம், மேலே கிடைத்தால் பார்க்கிறேன், வேண்டாம், அடுத்த சுற்றுக்குப் போகிறேன், வேண்டாம், விலகுகிறேன். ஐந்துமே என்ன செய்யப்போகிறாய் என்பதைப் பற்றியவை. வேலையில் நான் எழுதும் சாதாரண ‘ஆர்டர் கேன்சல்’ பக்கத்தில்கூட காரணம் கேட்டு ஒரு பெட்டி இருக்கும். இங்கே மூன்று வகை ‘வேண்டாம்’ இருக்கின்றன, ஏன் என்பது ஒன்றிலும் இல்லை. 2022இல், ஏற்றவர்கள் ஏழு நாளுக்குள் சேர்ந்துவிட வேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்தவருக்கு என்று விதி வந்தது. காலி இடப் பிரச்சினைக்கு நல்ல மருந்துதான். ஆனால் வராதவர் எல்லோரும் வேண்டாம் என்றவராகிவிடுகிறார்.

ஏழு நாள் நீண்ட அவகாசம் என்று சொல்லவைக்கும் ஒரு வழக்கு உண்டு. ஐஐடி, என்ஐடி சேர்க்கை 2015 முதல் ஒன்றாக நடக்கிறது, கேல்–ஷாப்லி வழிமுறையில். 2024இல் உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு தினக்கூலியின் மகனுக்கு, தலித் மாணவருக்கு, ஐஐடி தன்பாதில் எலக்ட்ரிக்கல் கிடைத்தது. ஏற்புக் கட்டணம் 17,500 ரூபாய். கட்ட நான்கு நாள். கிராமத்தில் கேட்டுத் திரட்டி முடித்தபோது கடைசி நாள், ஜூன் 24. மாலை ஐந்து மணிக்கு இணையதளம் மூடிக்கொண்டது. கணக்கைப் பொறுத்தவரை அவர் மறுத்துவிட்டார், இடம் அடுத்தவருக்கு.

குடும்பம் ஜார்க்கண்டில் சட்ட உதவி கேட்டது. அந்த வருடத் தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் வந்தது. கடைசியில் உச்ச நீதிமன்றம். செப்டம்பர் 30 அன்று, அரசியலமைப்பின் 142ஆவது பிரிவில் தனக்கிருக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்தி, அவரை அதே பிரிவில் சேர்க்கச் சொன்னது நீதிமன்றம். அவரது பழைய இடத்தில் வேறொருவர் இருந்தாலும் அவரைத் தொடக்கூடாது, கூடுதலாக ஓர் இடம் உருவாக்க வேண்டும். ஹாஸ்டலும் கொடுக்க வேண்டும்.