அந்த "அரை" எங்கே போச்சு? – இணையத்தில் குரல் போன கதை

1/ போன வாரம் ஒரு பாட்டியோட மகள் இணைய அழைப்பில் பேசினாங்க. "பிரஷர் மாத்திரையை இனிமே காலையில அரை மாத்திரை குடுங்க"ன்னேன். சரின்னுட்டாங்க. திருப்பிச் சொல்லுங்கன்னதும், "காலையில மாத்திரை குடுக்கணும்"னாங்க. "அரை" காணோம்! எங்கே போச்சு? அது 50 வருஷக் கதை.

2/ பழைய தொலைபேசியில் பேசி முடிக்கும்வரை ஒரு பாதை நமக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். இணையம் அப்படியில்லை. எதையும் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி அனுப்பும். சிலது முந்தும், சிலது பிந்தும், சிலது வந்தே சேராது.

3/ 1974 ஆகஸ்ட். இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில், கலிபோர்னியாவில் டேனி கோஹன் இருந்த ஆய்வகத்துக்கும் எம்ஐடியின் லிங்கன் ஆய்வகத்துக்கும் இடையே பொட்டலங்களில் குரல் போனது.

4/ பெரிய சிக்கல் என்னன்னா இடம். டிஜிட்டல் தொலைபேசிக் குரலுக்கு நொடிக்கு 8000 மாதிரி, மாதிரிக்கு 8 பிட். ஆக 64,000 பிட். அர்பாநெட் கம்பியின் வேகமே நொடிக்குச் சுமார் 50,000 பிட்தான்!

5/ தீர்வு, எங்க உடற்கூறியல் பாடம் மாதிரி இருக்கும். ஒலி அலையை அப்படியே அனுப்பாம, குரல்நாண் அதிருதா, தொண்டையும் வாயும் எந்த வடிவத்தில் இருக்குங்கிற குறிப்பை மட்டும் அனுப்பினாங்க. மறுமுனைக் கணினி அதை வைத்துக் குரலை உருவாக்கும். அந்த டிசம்பரிலேயே நொடிக்குச் சுமார் 3,500 பிட்டில் பேசிட்டாங்க.

6/ அடுத்த சிக்கல்: தொலைந்த பொட்டலத்தை மறுபடி கேட்டு வாங்கலாமா? கடிதம்னா வாங்கலாம். பேச்சில் அது வந்து சேர்றதுக்குள்ள பேச்சு நாலு வார்த்தை தாண்டியிருக்கும். தாமதத்தைவிட இழப்பே மேல்! அதனால 1978இல் டிசிபியிலிருந்து ஐபியைத் தனியாகப் பிரித்தாங்க. 1980இல் "போனது போகட்டும்" ரகமான யுடிபி வந்தது.

7/ இழந்தும் எப்படிப் புரியுது? நம்ம மூளைதான். 1970இல் ரிச்சர்ட் வாரன் ஒரு சொல்லில் ஓர் எழுத்தொலியை வெட்டிட்டு, அங்கே இருமல் சத்தத்தை வைத்தார். எந்த ஒலி காணோம்னு ஒருத்தராலும் சரியாச் சொல்ல முடியலை. மூளையே நிரப்பிக்கிச்சு.

8/ 1995இல் வோக்கல்டெக், 2003இல் ஸ்கைப், இன்று எல்லார் கையிலும். இப்போ பொதுவா ஒரு பொட்டலத்தில் 20 மில்லிநொடிக் குரல். "அரை"ன்னு சொல்லக் கால் நொடி போதும். அதாவது சுமார் பன்னிரண்டு பொட்டலம். அவை விழுந்தாலும் வாக்கியம் முழுசாவே கேட்கலாம். ஆபத்து அங்கேதான். கரகரன்னா "கேக்கலை"ம்போம். ஒழுங்கா கேட்டா சந்தேகமே வராது.

9/ குரலுக்காகச் செய்த அந்த முடிவு சரிதான். ஆனா மருந்தளவுக்கு அது பொருந்தாது. அழைப்பில் டாக்டர் சொன்ன மருந்து, அளவு, வேளை மூணையும் திருப்பிச் சொல்லுங்க. எழுதி அனுப்பச் சொல்லுங்க. எழுத்து பிந்தி வரலாம், ஆனா "அரை"யை விட்டுட்டு வராது. 🙏