இஸ்மீரில் எழுந்த வினா

வேதியியல் வல்லார் இரு பொருள்களைக் கலந்து விளைவைக் காண்பர். இரு நாடுகளைச் சோதனைக்கூடத்தில் வைத்துப் பகையின் காரணத்தைக் காண இயலுமா? இவ்வினாவிற்குச் சுற்றுவழியில் விடை தேடியவர் துருக்கியில் பிறந்த உளவியல் பேரறிஞர் முஸபர் ஷெரீஃப்.

அன்னார் 1906-ஆம் ஆண்டு இஸ்மீர் வட்டாரத்து ஒதெமிஷ் என்னும் ஊரில் பிறந்தார். 1919-இல் கிரேக்கப் படை இஸ்மீரில் இறங்கியபோது நிகழ்ந்த கொடுமைகளை இளம் பருவத்திலேயே கண்டார். தனியே நல்லவராய் இருக்கும் மாந்தர், கூட்டமாய்ப் பிரிந்ததும் கொடியவராவது ஏன்? அவ்வினா அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை.

பின்னர் அமெரிக்காவில் குடியேறிய அவர், 1954-ஆம் ஆண்டுக் கோடையில் ஓக்லஹோமா மாநிலத்து ராபர்ஸ் கேவ் பூங்காவில் 22 சிறுவர்களைக் கொண்டு சோதனை நடத்தினார். அனைவரும் ஏறத்தாழப் பதினொரு வயதினர், ஒரே நிறத்தினர், ஒரே சமயத்தினர். இரு குழுவாகப் பிரித்துப் பரிசுப் போட்டி வைத்ததும், சில நாள்களிலேயே கொடியை எரித்தனர், குடில்களைச் சூறையாடினர். ஒன்றாய் உண்ண வைத்தபோதோ, உணவையே ஒருவர் மீது ஒருவர் வீசினர்!

அதன்பின் அறிஞர்கள் தண்ணீர்க் குழாயை அடைத்தனர். தாகம் இரு குழுவையும் ஒருங்கே தேட வைத்தது. உணவு கொணர வேண்டிய வண்டி நின்றபோது, முன்பு கயிறிழுப்புப் போட்டியில் எதிரெதிரே பற்றிய அதே கயிற்றை இரு சாராரும் ஒரு பக்கம் நின்று இழுத்தனர். இத்தகைய கூட்டு முயற்சிகள் பலவற்றால் பகை படிப்படியாகத் தணிந்தது. திரும்புகையில் ஒரே பேருந்தில் செல்ல விரும்பினர்.

சிறுவர் முகாம் வேறு, நாடுகள் வேறு என்பதை நாம் மறுக்கவில்லை. முகாமில் அனைவருக்கும் மேலே பெரியவர்கள் இருந்தனர். நாடுகளுக்கு மேலே அத்தகைய ஆட்சியில்லை. சிறுவரிடம் உண்மையை மறைத்தே சோதனை நடந்தது என்னும் கண்டனமும் நியாயமானதே. போட்டியை மூட்டியவர்களும் அப்பெரியவர்களே அன்றோ! எனினும் அதிலும் ஒரு படிப்பினை உண்டு. பகை பிறவியில் வருவதன்று, மூட்டப்படுவது. ஒரே நிறமும் ஒரே சமயமும் அதனைத் தடுக்கவில்லை. கூடி உண்ட விருந்தும் அதனைத் தணிக்கவில்லை. ஒருவர் மட்டும் தீர்க்கவியலாத பொதுத் தேவையே கைகளை இணைத்தது.

ஒரே ஆற்றின் நீரை அருந்தும் நாடுகள் இதனை எண்ணிப் பார்க்குமாக!