மலைச்சாய்வும் மேசைக் கணனியும்
கேகாலை மாவட்ட மண்சரிவுக் கணிப்புக்கேற்ற பணிநிலையத்தைத் தெரிதல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருந்தெரு மாவனல்லையில் மகா ஓயாவைக் கடக்கின்றது. 1833ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயர் கட்டுவித்த செங்கல் வளைவுப் பாலம் இன்றும் அங்கே நிற்கின்றது. பாலத்தைத் தாண்டியபின் தெரு கடுகண்ணாவைக் கணவாயை நோக்கி ஏறத் தொடங்கும். தெற்கே அரநாயக்க மலைகள். அவற்றுக்கும் அப்பால் புளத்கொஹுபிட்டியவின் தோட்டங்கள். 2016 மே 17ஆம் நாள், மூன்று நாள் விடாது பெய்த மழையின்பின், அரநாயக்கவின் சாமசர மலை சரிந்தது. சேறும் பாறையும் ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் தூரம் பாய்ந்து அடிவாரக் கிராமங்களை மூடின. இறந்தோரும் காணாமற்போனோரும் நூற்றுக்கு மேற்பட்டோர். அதே நாளிற் புளத்கொஹுபிட்டியவிலுள்ள களுபஹனத் தோட்டத்தில் லயத்தில் வாழ்ந்த குடும்பங்களும் மண்ணுள் புதையுண்டன.

இத்தகைய மலைச்சாய்வு நிற்குமா சரியுமா என்பதைக் கணித்தறிதல் இன்று பெரும்பாலும் மேசைமீது வைக்கப்படும் ஆற்றல்மிக்க கணனியொன்றின் வேலையாகிவிட்டது. இவ்வகைக் கணனியைப் பணிநிலையம் என்பர். எத்தகைய பணிநிலையம் இவ்வேலைக்கு ஏற்றது என்னும் வினா வெறும் விலைப்பட்டியல் பற்றிய வினாவன்று. கணிப்பு முறைகளின் வரலாற்றோடும், லயங்களில் வாழ்வோரின் உயிரோடும் தொடர்புடைய வினா. அவ்வரலாற்றின் ஒளியில் இதனை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சாய்வின் உறுதியைக் கணிக்கும் முயற்சி கணனிக்கு முற்பட்டது. 1916இற் சுவீடனின் கொத்தன்பேர்க் துறைமுகத்தில் ஸ்ரிக்பேர்க் இறங்குதுறை சரிந்ததை ஆராய்ந்த பொறியியலாளர், மண் ஒரு வட்டவில்லின் வழியே வழுக்கியதைக் கண்டனர். வழுக்கும் மண்ணை நிலைக்குத்துக் கீற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றன் நிறையையும் உராய்வையும் கூட்டிக் கணிக்கும் முறை அங்கு தோன்றியது. பெலேனியசு அதனை வளர்த்தெடுத்தார். 1955இல் இலண்டன் இம்பீரியற் கல்லூரியைச் சேர்ந்த பிஷப் அதனைத் திருத்தியமைத்தார். திருத்தம் சிறிதே; ஆனால் அதன் விளைவு பெரிது. பிஷப்பின் சமன்பாட்டிற் காப்புக் காரணி இரு பக்கத்திலும் வருகின்றது. ஆகவே ஒரு பெறுமானத்தை ஊகித்து, கணித்து, வந்த விடையை மீண்டும் இட்டுக் கணித்தல் வேண்டும். ஒரு வட்டத்துக்கே இவ்வாறு பலமுறை. மிக அபாயமான வட்டம் எதுவென அறிய நூற்றுக்கணக்கான வட்டங்கள். வழுக்குச் சட்டத்தோடு அமர்ந்த பொறியியலாளரின் பொறுமை எத்தனை வட்டத்தைத் தாங்கும்? 1958இல் லிற்றில், பிறைஸ் ஆகிய இருவர் மின்னணுக் கணனியைச் சாய்வுறுதிக் கணிப்புக்குப் பயன்படுத்துதல் பற்றி ‘ஜியோரெக்னிக்’ ஆய்விதழிற் கட்டுரை வெளியிட்டமை இதனாலேயே. மண்சரிவுக் கணிப்பு கணனியைத் தேடிச் சென்ற வேலை. கணனி வந்தபின் அதற்காகக் கண்டுபிடிக்கப்பட்ட வேலையன்று.

ஆயினும் அக்காலக் கணனி ஒரு மண்டபத்தை அடைத்தது, பலருக்குப் பொதுவானது. இலங்கையில் 1960களின் பிற்பகுதியில் ஏ. என். எஸ். குலசிங்க தலைமை தாங்கிய அரச பொறியியற் கூட்டுத்தாபனம் கணனியைப் பயன்படுத்தத் தொடங்கியது. நாட்டின் முதற் கணனிகளுள் ஒன்று கட்டடம் கட்டுவோரிடம் வந்து சேர்ந்தமை கவனிக்கத்தக்கது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 1973இல் ஐ.பி.எம். 370/155 பொறியைப் பெற்றது. இத்தகைய நிலையங்களில் துளையட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருத்தலே வழக்கம். ஓரட்டையில் ஒரு பிழையிருப்பின் மறுபடியும் வரிசை.

இவ்வரிசையை ஒழித்ததே பணிநிலையத்தின் வரலாற்றுப் பங்கு. அதற்கு இலக்கணம் வகுத்தவருள் முதன்மையானவர் தமிழ்நாட்டோடு தொடர்புடையவர். சித்தூர் மாவட்டத்துக் காட்டூரிற் பிறந்து, 1958இற் கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் பட்டம் பெற்ற ராஜ் ரெட்டி, அமெரிக்காவின் கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தில் தம் சகபாடிகளுடன் ‘மூன்று மில்லியன்’ என்னும் அளவுகோலை முன்வைத்தார். ஒரு மில்லியன் பைற்று நினைவகம், செக்கனுக்கு ஒரு மில்லியன் கட்டளை, ஒரு மில்லியன் புள்ளி கொண்ட திரை ஆகிய மூன்றும் ஓர் ஆய்வாளரின் மேசையில் அவருக்கே உரியனவாய் அமைதல் வேண்டும் என்பது அதன் பொருள். 1981இல் அப்பலோ நிறுவனமும் 1982இற் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனமும் அவ்வகைப் பொறிகளை விற்பனைக்குக் கொணர்ந்தன. இவ்விலக்கணத்தில் வேகம் மூன்றில் ஒன்றே என்பதைப் பிற்கால விளம்பரங்கள் மறக்கச் செய்துவிட்டன.

இலங்கையில் இதே காலத்திலேயே மண்சரிவு ஆய்வு நிறுவன வடிவம் பெற்றது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1984இல் அமைக்கப்பட்டது. 1986இலும் 1989இலும் மலைநாட்டில் நிகழ்ந்த சரிவுகளின்பின், ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் உதவியோடு மண்சரிவு அபாய வலயப் படங்களை வரையும் பணி 1990களில் தொடங்கியது. சாய்வின் கோணம், பாறையமைப்பு, மேல்மண், நீரோட்டம், நிலப்பயன்பாடு, நிலவுருவம் ஆகிய ஆறு காரணிகளுக்கும் புள்ளியிட்டு, அவற்றைக் கூட்டி, 1:10,000 அளவுத்திட்டத்தில் வலயங்களைப் பிரித்தனர். ஒளிபுகு தாள்களை ஒன்றன்மேலொன்றாக வைத்துச் செய்யக்கூடிய இவ்வேலை, புவியியற் தகவல் முறைமை வந்தபின் கணனியின் வேலையாயிற்று. அங்கே நிலம் சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண். கட்டத்தின் பக்கம் எத்தனை மீற்றர் என்பதே பின்வரும் யாவற்றையும் தீர்மானிக்கும்.

தோட்டத்து லயத்தை எடுத்துக்கொள்வோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது பழைய லய அறையின் பெயர்பெற்ற அளவு. பன்னிரண்டு அறைகளை ஒற்றை வரிசையாகக் கொண்ட லயம் 120 அடி, அதாவது ஏறத்தாழ 37 மீற்றர் நீளமுடையது. பழைய ஓரங்குல இடவிளக்கப்படத்தில் அது அரை மில்லிமீற்றரைச் சற்றே விஞ்சிய ஒரு கீறல். 2000 பெப்ரவரியில் அமெரிக்க விண்ணோடம் ராடார் மூலம் உலகின் நிலவுயரங்களை அளந்தபோது, இலங்கை போன்ற நாடுகளுக்கு முதலில் வெளியிடப்பட்ட தரவின் கட்டம் 90 மீற்றர் பக்கமுடையதாயிருந்தது. பன்னிரண்டு குடும்பங்கள் வாழும் லயம் அக்கட்டத்தின் பரப்பில் அறுபதில் ஒரு பங்களவே. லயத்தின் பின்புறம் வெட்டப்பட்ட செங்குத்து மண்சுவர், அதன் மேலுள்ள அடைபட்ட கான், இவை எவையும் அப்படத்தில் இல்லை. கட்டம் முழுவதற்கும் ஒரே சராசரிச் சாய்வு. படம் பொய் சொல்வதில்லை, லயத்தைக் காண்பதில்லை.

நுண்மையை நாடினால் கணனியின் சுமை எவ்வாறு பெருகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கேகாலை மாவட்டத்தின் பரப்பு 1,693 சதுர கிலோமீற்றர். 90 மீற்றர் கட்டமெனின் ஏறத்தாழ 2 இலட்சத்து 9 ஆயிரம் கட்டங்கள். கட்டத்துக்கு 4 பைற்று வீதம் ஒரு காரணிக்கு ஒரு மெகாபைற்றும் ஆகாது. 10 மீற்றர் கட்டமெனின் 1 கோடியே 69 இலட்சம் கட்டங்கள், ஏறத்தாழ 68 மெகாபைற்று. 1989இல் வெளிவந்து புகழ்பெற்ற சன் நிறுவனத்தின் முதலாவது ஸ்பார்க்ஸ்ரேசன் பொறியில் இடக்கூடிய உச்ச நினைவகம் 64 மெகாபைற்று. ஆகவே ஆறு காரணிகளில் ஒன்றேனும் அதனுள் முழுமையாக அடங்காது. ஒரு மீற்றர் கட்டமெனின் ஒரு காரணிக்கு ஏறத்தாழ 6.8 கிகாபைற்று, ஆறுக்கும் 40 கிகாபைற்றுக்கு மேல். 32 இருமங்களாற் சுட்டக்கூடிய நினைவக எல்லை 4 கிகாபைற்று ஆதலால், பழைய தனியாள் கணனியின் வேகத்தை எத்துணை கூட்டினும் இவ்வேலை முழுமையாக நடைபெறாது. டிஜிற்றல் நிறுவனத்தின் அல்பா போன்ற விலையுயர்ந்த செயலிகள் 1992 முதலே 64 இரும எல்லையை அடைந்திருந்தன. சாதாரண மேசைக் கணனியின் குடும்பத்துக்கு அவ்வசதி 2003இல் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஒப்ரெரன் செயலியோடு வந்து சேர்ந்தது. பணிநிலையத்துக்கும் வீட்டுக் கணனிக்கும் இடையிலிருந்த மதில் இடிந்தது அப்போதே எனலாம்.

பெரும் படத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கணித்தால் நினைவகம் குறைவாகவே போதுமே என வாதிப்போர் உளர். சாய்வின் கோணத்தைப் பொறுத்தவரை அவ்வாதம் பொருந்தும். ஆனால் மழைநீர் துண்டின் ஓரத்தில் நிற்பதில்லை. ஒரு கட்டத்துக்கு மேலிருந்து எத்தனை கட்டங்களின் நீர் வந்து சேர்கின்றது என்பதை அறிய, நீர்பிரி மேடு வரை முழு மலையும் ஒருங்கே வேண்டும். சாமசர மலையில் இறந்தோரிற் பலர் வாழ்ந்தது மேற்சாய்விலன்று, அடிவாரத்தில் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

அடுத்துக் கருதவேண்டியது கணிப்பின் நம்பகத்தன்மை. 1994இல் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தோமஸ் நைஸ்லி இன்ரெல் நிறுவனத்தின் பென்ரியம் செயலி சில வகுத்தல்களிற் பிழை விடுவதைக் கண்டார். 4,195,835ஐ 3,145,727ஆல் வகுத்தால் 1.33382 வரவேண்டும், அச்செயலி 1.33374 என்றது. சாதாரணப் பாவனையாளர் 27,000 ஆண்டுகளுக்கு ஒருமுறையே இதனை எதிர்கொள்வார் என நிறுவனம் முதலிற் சமாதானம் கூறியது. பின்னர் செயலிகளை மாற்றிக் கொடுக்க ஒப்புக்கொண்டு 475 மில்லியன் டொலரை அதற்கென ஒதுக்கியது. இலட்சக்கணக்கான கட்டங்களில் ஓயாது வகுத்துக்கொண்டிருப்பவர் சாதாரணப் பாவனையாளர் அல்லர். அப்பிழை ஒரு செயலியோடு முடிந்தது. நினைவகப் பிழையோ முடிவதில்லை. 2009இல் வெளியான ஆய்வொன்று கூகிள் நிறுவனத்தின் சேவையகங்களை ஆராய்ந்து, ஓராண்டில் நினைவகத் தகடுகளில் நூற்றுக்கு எட்டுக்கு மேற்பட்டவை ஒருமுறையேனும் பிழை காட்டியதைக் கண்டது. பிழைதிருத்தும் நினைவகம் அதனைத் தானே கண்டு திருத்தும். சாதாரண நினைவகமோ பிழையான எண்ணைச் சரியான எண்போலவே மௌனமாகத் திருப்பித் தரும். இன்ரெல் நிறுவனம் நெடுங்காலம் இவ்வசதியைப் பெரும்பாலும் சேவையகங்களுக்கும் பணிநிலையங்களுக்குமே உரியதாக வைத்திருந்தது. ‘பணிநிலையம்’ என்னும் பெயர்ப்பலகைக்குக் கொடுக்கும் மேலதிக விலையில் நியாயமான பகுதி இதுவே. எஞ்சியதிற் பெரும்பகுதி பெட்டியின் பளபளப்புக்குரியது.

செயலியின் உட்கருக்களைப் பெருக்கினால் யாவும் விரையும் என்ற நம்பிக்கையை 1967இலேயே ஜீன் அம்டால் எல்லைப்படுத்தினார். வேலையின் பத்தில் ஒரு பங்கு வரிசையாகவே செய்யப்படவேண்டியதாயின், எத்தனை உட்கருக்கள் இருந்தாலும் பத்து மடங்குக்குமேல் வேகம் கூடாது. பிஷப்பின் முறையில் வட்டங்கள் ஒன்றையொன்று சாராதவை. அவற்றைப் பல உட்கருக்களுக்குப் பகிர்ந்தளிக்கலாம். ஆளில்லா விமானம் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களை இணைத்து நிலவுருவை அமைப்பதற்கு வரைவியல் அட்டை பேருதவி புரியும். நீரோட்டக் கணிப்போ மேலிருந்து கீழாக ஒழுங்குமுறையிற் செல்வது. அங்கே உட்கருக்கள் பலவும் வேலையின்றிக் காத்திருக்க நேரும்.

இலங்கையில் இத்தெரிவுக்கு இன்னுமொரு பக்கமுண்டு. 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்து டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு. பத்து மணிநேரம் ஓடவேண்டிய கணிப்பு மின் வந்துபோகும் இடைவெளியில் எங்ஙனம் முடியும்? இடைக்கிடை விடையை வட்டிற் சேமித்து, விட்ட இடத்திலிருந்து தொடரும் மென்பொருளும், தடையிலா மின்வழங்கியும் அவ்வாண்டில் எந்த வேகமான செயலியிலும் பெறுமதி மிக்கனவாயிருந்தன. பணம் குறைந்த திணைக்களமோ பல்கலைக்கழகப் பீடமோ எதனை முதலிற் கைவிடுவது என்ற இக்கட்டு இங்கேதான் எழுகின்றது. கைவிடத்தக்கது வேகமே. அபாய வலயப் படம் மழையற்ற மாதங்களில் ஆக்கப்படுவது. அது காலையில் முடிவதற்குப் பதிலாக மாலையில் முடிந்தால் எவரும் இறப்பதில்லை. நினைவகம் போதாமையால் ஒரு மீற்றர் கட்டத்தைப் பத்து மீற்றராகப் பெருப்பித்தால், லயத்தின் பின்னுள்ள மண்சுவர் படத்திலிருந்து மறைந்துவிடும்.

மழை கொட்டும் இரவில் முடிவெடுப்பது பணிநிலையமன்று. 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 பெய்தால் எச்சரிக்கை, 150 பெய்தால் வெளியேற்றம் என்பன தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த படிநிலைகள். அவற்றை அறிய மழைமானி போதும். ஆனால் யார் வெளியேற வேண்டும், எந்த லயம், எந்தத் தெருவோரம் என்பதைச் சொல்லவேண்டியது முன்னரே ஆக்கப்பட்ட படம். 2025 நவம்பர் 22இல் மாவனல்லைக்கு மேலே பகல கடுகண்ணாவையிற் பெருந்தெருவோரக் கடையொன்றின்மீது பாறையும் மண்ணும் சரிந்து உயிர்களைப் பலிகொண்டன. அடுத்த ஒரு வாரத்துள் டித்வா புயல் மலைநாடெங்கும் சரிவுகளை ஏற்படுத்த, நாடளாவிய உயிரிழப்பு அறுநூறைத் தாண்டியது. சரிந்த சாய்வுகள் இப்போது புதிய உருவத்தில் இருக்கின்றன. பழைய உயரத் தரவு அவற்றுக்குப் பொருந்தாது. அவற்றை மீண்டும் அளந்து, மீண்டும் கட்டங்களாக்கி, மீண்டும் கணிக்க வேண்டியிருக்கின்றது.