ஊர்ப்பெயரின் ஈறு

இங்கிலாந்தின் ஊர்ப்பெயர் ஈறுகள் அந்நாட்டு வரலாற்றை உணர்த்துகின்றன. கி.பி. 43 இல் படையெடுத்த உரோமரின் இலத்தீன் மொழியில் ‘காஸ்ட்ரா’ என்பது பாசறை. பின்வந்த ஆங்கிலோ-சாக்சனியர் அச்சொல்லைத் தம் நாவுக்கேற்பத் திரித்து, உரோமர் விட்டுச்சென்ற அரண்களுக்கும் நகர்களுக்கும் வழங்கினர். மான்செஸ்டர், வின்செஸ்டர் என்பவற்றின் ‘செஸ்டர்’ அதுவே. தம் குடியிருப்புகளுக்கோ அவர்கள் ‘ஹாம்’ என்ற ஈற்றைச் சேர்த்தனர், பேர்மிங்ஹாம் அத்தகையது.

ஒன்பதாம் நூற்றாண்டில் குடியேறிய டேனியர் மொழியில் ‘பி’ என்றால் ஊர். அவர்கள் கைப்பட்ட நோர்த்வேர்தி, ‘டார்பி’ ஆயிற்று. பத்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் எதெல்வேர்டு பழம்பெயரையும் புதுப்பெயரையும் ஒருங்கே எழுதிவைத்தார். அதனாலன்றோ அம்மாற்றத்தை இன்று அறிகின்றோம்!

வென்றோர் பெயரை மாற்றலாம். பழம்பெயரைக் குறித்துவைப்போரே ஊரின் வரலாற்றைக் காப்போராவர்.