எல்லைக் கடையில் ஒரு ‘தே’

காட்பாடியிலிருந்து சித்தூருக்குப் பேருந்தில் போகும்போது, எல்லைக்கு இந்தப் பக்கம் சில கடைப்பலகைகளில் ‘தேனீர்’ என்று றன்னகரம் போட்டு எழுதியிருக்கும். தமிழாசிரியர் கண்ணில் பட்டால் உடனே திருத்தச் சொல்வார். தே + நீர் தேநீர். தேனீர் என்றால் தேன் கலந்த நீர் ஆகிவிடும். ஆனால் எல்லையைத் தாண்டிவிட்டால் அது பிழையே இல்லை. நமக்குள்ள ந, ன வேறுபாடு தெலுங்கு எழுத்தில் கிடையாது. அவர்களுடைய ஏட்டுச் சொல் ‘தேனீரு’தான். இலைக்குத் ‘தேயாக்கு’ என்று பெயர். நாம் இலை என்கிறோம், அவர்கள் ஆக்கு என்கிறார்கள். முன்னால் நிற்கும் ‘தே’ இருவருக்கும் ஒன்று.

தேய்த்துப் பக்குவப்படுத்துவதால் தேயிலை என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. அப்படியானால் குடிப்பது தேய்நீர் ஆகியிருக்க வேண்டுமே. நடுவில் வரும் ‘ய’ வெறும் உடம்படுமெய். ‘தே’ சீனச் சொல். இன்னும் சரியாகச் சொன்னால், ஃபூஜியன் கடற்கரைச் சொல்.

சீனத்தில் இதற்கு எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. வடக்கிலும் கான்டன் பக்கத்திலும் ‘சா’. ஃபூஜியனின் அமோய் துறைமுகத்தில் ‘தே’. கசப்புக் கீரையைக் குறித்த பழைய எழுத்திலிருந்து ஒரு கோட்டை நீக்கிப் பிறந்த எழுத்து அது. 8ஆம் நூற்றாண்டில் லூ யூ எழுதிய ‘சா சிங்’ நூல் அதை நிலைநிறுத்தியது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் ஃபூஜியன் வணிகர்களிடம் சரக்கோடு சொல்லையும் வாங்கினார்கள். அந்த டச்சுக்காரர்களின் சோழமண்டலத் தலைமையிடம் பழவேற்காடு. அந்த ஊரை ஒட்டிய பழவேற்காடு ஏரியின் வடபகுதி இன்றைய திருப்பதி மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆங்கிலேயரும் முதலில் ‘டே’ என்றுதான் சொன்னார்கள். அது ‘டீ’யாகக் குறுகியது பிறகு. நம் தேயிலைக்குள் இருக்கும் ஒலி டீக்கு மூத்தது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

‘சா’ தரைவழியே மேற்கே போய்ப் பாரசீகத்தில் ‘சாய்’ ஆனது. சித்தூரில் உருது பேசும் வீடுகளில் இன்றும் அதுதான். ஆக, அந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் ஒரே பாய்லரின் முன்னால் கப்பலில் வந்த சொல்லும் ஒட்டகத்தில் வந்த சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. மலையாளிகள் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள்: இலை தேயில, குடிப்பது சாயா.

சொல்லைப்போல இலை அப்படியே வந்து சேரவில்லை. பச்சை, வெள்ளை, மஞ்சள், ஊலாங், கறுப்பு, பூ-ஆர் போன்ற நொதித்த தேநீர் என்று சீனர்கள் வகுக்கும் ஆறும் ஒரே செடியின் இலைகள். பறித்ததும் சூடான சட்டியில் வாட்டி, காற்றுபட்டு நிறம் மாறுவதை நிறுத்தினால் பச்சை. பாதி மாறவிட்டால் ஊலாங். ‘கறுப்பு டிராகன்’ என்று அதற்குப் பொருள். முழுதும் மாறவிட்டால் கறுப்பு. சாற்றின் நிறத்தைப் பார்க்கும் சீனர் இதைச் சிவப்புத் தேநீர் என்பார்கள். இலையின் நிறத்தைப் பார்த்த ஆங்கிலேயர் கறுப்பு என்றார்கள். பூ-ஆர் யுன்னானில் ஓர் ஊர்ப்பெயர். லோங்ஜிங், ஹாங்சௌ பக்கத்துக் கிராமம்; ‘டிராகன் கிணறு’. நமக்குச் சேலத்து மாம்பழம்போல அவர்களுக்கு ஊர் சொன்னாலே ருசி தெரியும்.

நம்மிடம் பரவலானது அந்த ஆறில் ஒன்று மட்டும்: கறுப்பு. 19ஆம் நூற்றாண்டில் நீலகிரியில் சீனச் செடிகளை நட்டுப் பார்த்தார்கள். 1930களில் அசாமில் சி.டி.சி. இயந்திரம் வந்தது. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் இயந்திரம் அது. அதிலிருந்து உதிர்ந்த டஸ்ட்தான் தென்னிந்தியக் கடைகளைப் பிடித்தது. சீக்கிரம் சாறு இறங்கும், பாலுக்கு ஈடுகொடுக்கும், கொஞ்சம் போட்டால் நிறைய டம்ளர் வரும். அந்த ஸ்ட்ராங் டீயை நானும் விரும்பித்தான் குடிக்கிறேன். ஆனால் பாலில்லாமல், கொதி அடங்கிய வெந்நீரில் முழு இலையை ஊறவைத்து ஒருமுறையேனும் குடித்துப் பாருங்கள். அது வேறொரு பானம்.

திருப்பதி பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒருநாள் விடிகாலை, யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று கடைக்கு வந்தது. “தம்பி, நாலு தேத்தண்ணி தாங்கோ” என்றார் மூத்த அம்மா. தெலுங்குப் பையனுக்குத் தண்ணி மட்டும் கேட்டது. தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினான். பெஞ்சிலிருந்த உள்ளூர்ப் பெரியவர், “தேனீரு காவாலண்ட்ட” என்றார்.

நாலு டம்ளர் வந்தது.